உடம்பில் நீர் கட்டியிருக்கிறதா? சிறுநீரக வருத்தக்காரருக்கு எந்தப் பரிசோதனை, எப்போது

நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள ஒருவருக்கு உடம்பில் நீர் கூடியிருக்கிறதா என்று அறிய இப்போது பல வழிகள் உண்டு. இரத்தத்தில் பி.என்.பி, என்.டி-புரோ பி.என்.பி (இரண்டும் இதயச் சுவர் இழுபட்டால் ஏறுபவை), சி.ஏ 125 (நெஞ்சறை, வயிற்றறை உறைகளில் நீர் தேங்கினால் ஏறுவது) பார்க்கலாம். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கலாம், நுரையீரலை ஸ்கேன் பண்ணலாம், இதயத்தை ஸ்கேன் பண்ணும் எக்கோ பார்க்கலாம். மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி நீரை லீற்றர் கணக்கில் அளக்கும் கருவியும் இருக்கிறது. எல்லோரும் மறந்துவிடுகிற தராசும் இருக்கிறது. திருகோணமலையில் உள்ள ஒரு குடும்பம் இவற்றில் எதற்குக் காசு செலவழிக்கலாம், எது வேண்டாம் என்பதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டுமென்று கனநாளாக நினைத்திருந்தேன். இங்கே ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுப்பதும் ரிப்போர்ட் கொடுப்பதும் என் வேலை. மருந்தைத் தீர்மானிப்பது டொக்டர்தான். ஆனால் எந்த இரத்தம் எந்தக் குழாயில் போகிறது, வருகிற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது எங்கள் மேசையில் நாளாந்தம் பார்க்கிற விடயம்.

என் தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் நல்ல தராசு ஒன்று. அடுத்தது, டொக்டர் எழுதிக் கொடுத்தால், ஒரே ஆய்வுகூடத்தில் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை என்.டி-புரோ பி.என்.பி. அதில் முதலாவது, ஆள் நலமாக, வீக்கம் வடிந்து இருக்கிற நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். மூச்சு வாங்கினால் நுரையீரல் ஸ்கேன். இதய பலவீனமும் சேர்ந்தவருக்கு மட்டும் சி.ஏ 125. பி.என்.பியை இங்கிருந்து அனுப்பிச் செய்வது அநேகமாகக் காசுக்கு நட்டம்.

காலைப் பார்த்தாலே தெரியாதா என்று கேட்பார்கள். விரலால் அழுத்தினால் குழி விழுகிற அளவுக்குக் கால் வீங்க, உடம்பில் ஏற்கெனவே இரண்டு மூன்று லீற்றர் நீர் சேர்ந்திருக்க வேண்டும். மறுபக்கம், நீர் கூடாமலே கால் வீங்கும். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின், நிஃபெடிபின் இரண்டும் கணுக்காலை வீங்க வைக்கும். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு வந்தவருக்கும் விடிய வீங்கியிருக்கும். டயலிசிஸ் செய்பவர்களின் கால் வீக்கத்தை மற்ற அளவீடுகளோடு ஒப்பிட்டு 2008 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், வீக்கம் உடல் பருமனோடும் வயதோடும் ஒத்துப்போனது, நீரின் அளவோடு சரியாக ஒத்துப்போகவில்லை. காலைப் பாருங்கள், பார்க்க வேண்டும். ஆனால் காலை மட்டும் பார்த்து, நீரைச் சிறுநீராகப் போக்கும் லேசிக்ஸ் குளிசையைக் கூட்டிப் போடுவது சிறுநீரகத்துக்குச் செய்கிற கெடுதல்.

தராசுக்கும் ஒரு குறை உண்டு. இரத்தப் பரிசோதனை தேவைப்படுவதே அந்தக் குறையால்தான் என்பதால் அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. நேற்று 61, இன்று 62.5 என்றால் ஒரு நாளில் யாருக்கும் ஒன்றரைக் கிலோ சதை வைக்காது, அது நீர்தான். நாட்கணக்கில் வருகிற மாற்றத்துக்குத் தராசை வெல்ல எந்த இரத்தப் பரிசோதனையாலும் முடியாது. மாதக்கணக்கில் பார்க்கும்போது கதை வேறு. சிறுநீரக வருத்தக்காரருக்குப் பசி குறையும். இறைச்சி, மீன், பருப்பு எல்லாம் குறைத்துச் சாப்பிடச் சொல்லியிருப்பார்கள், சிலர் பயத்தில் சொன்னதைவிடவும் குறைப்பார்கள். தோளும் கையும் மெலியும். மூன்று மாதத்தில் மூன்று கிலோ தசை கரைந்து, அந்த இடத்தில் மூன்று லீற்றர் நீர் ஏறினால் தராசு அதே 58 ஐத்தான் காட்டும். கிளினிக் கொப்பியில் எடை மாறவேயில்லை என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். என்.டி-புரோ பி.என்.பி காசுக்குப் பெறுமதியாவது இப்படியான ஆளுக்குத்தான்.

பி.என்.பி, என்.டி-புரோ பி.என்.பி இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருபவை. இதயத்தின் கீழறைச் சுவர் இழுபட்டால் அது 108 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தை உண்டாக்கும். அது இரண்டாக வெட்டுப்படும். 32 அமினோ அமிலமுள்ள துண்டு பி.என்.பி. உப்பையும் நீரையும் சிறுநீரில் போக்கச் சொல்லி வேலை செய்கிற ஹோர்மோன் அதுதான். மிச்சம் 76 உள்ள துண்டு என்.டி-புரோ பி.என்.பி, அதற்கு வேலை ஒன்றுமில்லை. பி.என்.பியை 1988 இல் ஜப்பானில் முதலில் பன்றியின் மூளையிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். இதயமே அதன் பெரிய ஊற்று என்பது பிறகு தெரியவந்தது. ஆக, இந்த எண் இரண்டுமே இதயச் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதைத்தான் சொல்லும். உடம்பில் எத்தனை லீற்றர் நீர் கூடியிருக்கிறது என்று சொல்லாது. நீர் கூடினால் இதயம் இழுபடும் என்பதால் மறைமுகமாக நீரைச் சொல்கிறது, அவ்வளவுதான். பழைய மாரடைப்பு, சீரற்ற இதயத் துடிப்பு, தடித்துப்போன இதயச் சுவர், இரத்தச்சோகை, வயது எல்லாம் இதே எண்ணை ஏற்றும். உடல் பருமன் குறைக்கும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் விற்றமினை அதிக அளவில் எடுப்பவர்களுக்குச் சில இயந்திரங்களில் எண் பொய்யாகக் குறைந்து வரும். இரத்தம் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள்.

சிறுநீரகம் பழுதான ஆளுக்கு இதில் இன்னொரு சிக்கல். பி.என்.பி இரத்தத்தை விட்டு வெளியேறப் பல வாசல்கள் உண்டு. நெப்ரிலைசின் என்ற நொதியம் அதை உடைக்கும், உயிரணுக்களின் ஏற்பிகளும் அதைப் பிடித்து விழுங்கும். என்.டி-புரோ பி.என்.பி பெரும்பாலும் சிறுநீரகத்தையே நம்பியிருக்கிறது. வாய்க்கால் அடைபட்ட வளவில் சிறு மழைக்கும் தண்ணீர் தேங்குவதுபோல, சிறுநீரகம் மந்தமானவரின் இரத்தத்தில் இது சாதாரணமாகவே தேங்கி நிற்கும். வடிதிறன், அதாவது சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் அளவு, குறையக் குறைய பி.என்.பியைவிட என்.டி-புரோ பி.என்.பி வேகமாக உயர்ந்துகொண்டு போகும். அப்படியானால் சிறுநீரக வருத்தக்காரருக்கு பி.என்.பிதானே நல்லது என்று தோன்றும். புத்தகத்தில் பார்த்தால் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் குழாய்க்குள் இருக்கிற இரத்தத்துக்குப் புத்தகம் தெரியாது. பி.என்.பிக்கு ஊதா மூடிக் குழாயில், இரத்தம் உறையாமல் வைக்கும் ஈ.டி.டி.ஏ கலந்து, பிளாஸ்டிக் குழாயிலேயே எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அது உடைந்துகொண்டே போகும். சில மணித்தியாலங்களுக்குள் பிரித்து அளக்க வேண்டும், அல்லது உறைய வைக்க வேண்டும். இங்கே சின்னக் கடைப் பக்கம் எடுத்த இரத்தம், சூட்டில் பெட்டிக்குள் இருந்து, 250 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து கொழும்பில் ஓர் இயந்திரத்தில் ஏறும்போது என்ன மிஞ்சியிருக்கும்? குறைந்த எண் ஒன்று வரும். குறைந்த எண்ணைப் பார்த்து நீர் இல்லை என்று நிம்மதியடைந்தால் அது ஆபத்தான நிம்மதி. என்.டி-புரோ பி.என்.பி அப்படி இல்லை. சீரமாக எடுத்தாலும் பிளாஸ்மாவாக எடுத்தாலும் சரி, சாதாரண அறை வெப்பத்தில் மூன்று நாள் வரை தாக்குப்பிடிக்கும். திருகோணமலையிலோ, இன்னும் தள்ளி மூதூரிலோ குச்சவெளியிலோ இரத்தம் கொடுக்கிற ஆளுக்கு இந்த ஒரு காரணமே போதும். அளக்கிற இயந்திரம் உங்கள் ஊரிலேயே, உங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தால் பி.என்.பியை யோசிக்கலாம். அப்போதும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதயத்துக்கு சக்குபிட்ரில் கலந்த மருந்து போடுகிறாரா? அந்த மருந்து நெப்ரிலைசினைத் தடுப்பதால் பி.என்.பியை ஏற்றிவிடும். என்.டி-புரோ பி.என்.பியை அது அப்படி ஏற்றாது.

எண்களுக்கு வருவோம். ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் 125 என்ற எல்லை சிறுநீரகம் நல்லாயிருக்கும் ஆட்களுக்கு உரியது, அலகு மில்லிலீற்றருக்குப் பிக்கோகிராம். திடீரென்று மூச்சுமுட்டி வருபவருக்கு 300 க்குக் கீழே இருந்தால் இதய பலவீனம் அநேகமாக இல்லை என்பார்கள். வடிதிறன் 60 க்குக் கீழே போனவருக்கு இந்த எல்லைகள் பொருந்தா. மூச்சுத் திணறலோடு வந்தவர்களைப் பற்றி 2006 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அப்படிப்பட்டவருக்கு 1,200 என்ற எல்லையைச் சொன்னது. டயலிசிஸ் செய்பவர்களுக்கு ஆயிரக்கணக்கில், சிலருக்குப் பல்லாயிரக்கணக்கில் வரும். அதனால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் 'உயர்வு' என்று வந்திருப்பதைப் பார்த்து நடுங்குவதில் அர்த்தமில்லை. சிறுநீரக வருத்தக்காரரில் ஏறக்குறைய எல்லோருக்கும் அப்படித்தான் வரும்.

பார்க்க வேண்டியது அதே ஆளின் பழைய எண்ணை. கிண்ணியாவிலிருந்து வாப்பாவைக் கூட்டிவந்த மகள் ஒருத்தி இரண்டு ரிப்போர்ட்டையும் மேசையில் விரித்துவைத்து, "அறுநூறுக்கு மேல கூடிட்டே அக்கா, நீர் ஏறிட்டா?" என்று கேட்டாள். முதலாவது 4,210, இரண்டாவது 4,870. கூடியது 16 சதவீதம் அளவுதான். வாப்பா மாடிப்படி ஏறி வந்திருந்தார், மூச்சு வாங்கவில்லை, எடையும் அதேதான். அந்த அளவு ஏற்ற இறக்கம் ஒன்றும் நடக்காமலே வரும். 30 சதவீதத்துக்குக் கீழே வருகிற வித்தியாசத்தை நான் மாற்றம் என்றே எடுப்பதில்லை. இன்னொரு ஆள், மூதூர்க்காரர், முதலில் 2,650, நாலு மாதம் கழித்து 6,900. சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் கிட்டத்தட்ட அதே. எடை 58, அன்றும் 58. ஆனால் கைக்கடிகாரம் முழங்கை வரை வழுக்கிப் போகிற அளவுக்குக் கை மெலிந்திருந்தது. சிறுநீரகம் மேலும் பழுதாகாமல் எண் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் போனால் இதயம் இழுபடுகிறது என்று பொருள். அந்த ரிப்போர்ட்டை அடுத்த கிளினிக் திகதி வரை வைத்திருக்காமல் அன்றைக்கே டொக்டரிடம் காட்டச் சொன்னேன்.

இதனால்தான் முதல் அளவீட்டை ஆள் நலமாக இருக்கும்போது எடுக்கச் சொல்கிறேன். வருத்தம் கூடின பிறகு முதல் தடவையாக எடுத்தால், வந்த 5,000 அவருக்கு வழமையா, புதிதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வுகூடத்தையும் மாற்ற வேண்டாம். இயந்திரத்துக்கு இயந்திரம் எண் வேறுபடும். அலகையும் பாருங்கள். சில இடங்களில் லீற்றருக்குப் பிக்கோமோல் என்று தருவார்கள். அதை 8.5 ஆல் பெருக்கினால்தான் நாம் பேசுகிற கணக்கு வரும். 500 என்று வந்ததைப் பார்த்து, போன முறை 4,200 இருந்தது, இப்போது இவ்வளவு குறைந்துவிட்டதே என்று மகிழ்கிற ஆட்கள் உண்டு. இரண்டும் ஒரே அளவுதான்.

சி.ஏ 125 கதை வேறு. இது 1981 இல் சூலகப் புற்றுநோய்க்காகக் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் நெஞ்சறை, வயிற்றறை, இதயம் ஆகியவற்றின் உறைகளில் நீர் தேங்கி அழுத்தம் கூடும்போதும் அந்த உறையின் உயிரணுக்கள் இதை வெளிவிடும். 35 அலகுக்கு மேல் போனால் உயர்வு. சிறுநீரக வருத்தக்காரருக்கு இதில் ஒரு பெரிய வசதி: சிறுநீரகம் மந்தமானதால் மட்டும் இது பெரிதாக ஏறுவதில்லை. இதய பலவீனமும் சிறுநீரகப் பழுதும் ஒன்றாகச் சேர்ந்த 160 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்து 2020 இல் வெளியான ஆய்வில், சி.ஏ 125 ஐப் பார்த்து லேசிக்ஸ் அளவைத் தீர்மானித்தவர்களுக்கு மூன்று நாளில் சிறுநீரக வடிதிறன் கொஞ்சம் மேலாக இருந்தது. சிறிய ஆய்வு, சிறிய வித்தியாசம். ஆனாலும் நீரைக் குறைக்க மருந்தைக் கூட்டுவதா, சிறுநீரகத்தைக் காப்பாற்ற மருந்தைக் குறைப்பதா என்று டொக்டர் தடுமாறுகிற இடத்தில் இது உதவுகிறது.

குறை என்னவென்றால் அது மெதுவானது. இரத்தத்திலிருந்து பாதி குறைவதற்கே ஒரு கிழமைக்கு மேலாகும். நேற்று நீர் ஏறியதா, இன்று வடிந்ததா என்று இது சொல்லாது. பெண்களுக்கு மாதவிடாய், எண்டோமெற்றியோசிஸ், கர்ப்பம் இவற்றாலும் ஏறும். ஈரல் கரணையானவருக்கும் (சிரோசிஸ்), காசநோயால் நெஞ்சில் வயிற்றில் நீர் கட்டியவருக்கும் ஏறும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீட்டில் சி.ஏ 125 என்று எழுதியிருப்பதைப் பிள்ளைகள் கைபேசியில் தேடிப் பார்த்து, அம்மாவுக்குப் புற்றுநோயாம் என்று வீட்டில் அழுகை வைத்துவிடுவார்கள். இதை எழுதிக் கொடுக்கும் டொக்டர் ஒரு வரியில் காரணத்தைச் சொன்னால் அந்த ஒரு இரவு அழுகை இல்லாமல் போகும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், கேட்பதில் பிழையில்லை.

கலக்டின்-3, எஸ்.டி-2, அட்ரினோமெடுலின் என்று இன்னும் சில பெயர்கள் ஆய்வுக் கட்டுரைகளில் வருகின்றன. இப்போதைக்கு அவற்றுக்கு இங்கே யாரும் காசு கொடுக்கத் தேவையில்லை.

மின்சார முறைக்கு வருவோம். பல அதிர்வெண்களில் மெல்லிய மின்னோட்டத்தைக் கைக்கும் காலுக்கும் இடையே செலுத்தி, உயிரணுவுக்கு உள்ளே எவ்வளவு நீர், வெளியே எவ்வளவு நீர் என்று கணக்கிடுவார்கள். இத்தனை லீற்றர் மிகை என்று நேரே சொல்கிற கருவி இது ஒன்றுதான். தசை கரைந்து நீர் ஏறிய ஆளையும் இது பிடித்துக் கொடுக்கும். உயிரணுவுக்கு வெளியே இருக்கும் நீரில் 15 சதவீதத்துக்கு மேல் மிகையானால் டயலிசிஸ் செய்பவருக்கு உயிராபத்து கூடுகிறது என்று 2009 இல் ஐரோப்பாவில் காட்டினார்கள். ஆனால் இந்தக் கருவியை வைத்து உலர் எடையை, அதாவது மிகை நீர் போனபின் இருக்க வேண்டிய எடையை, தீர்மானித்தால் மிஞ்சியிருக்கிற சிறுநீரகத் தொழிற்பாடு கூடுதல் காலம் நிற்குமா என்று பிரித்தானியாவில் 439 பேரிடம் பார்த்து 2023 இல் வெளியிட்ட ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. கவனமாக எடை பார்க்கிற நல்ல தாதியும் டொக்டரும் இருக்கிற இடத்தில் கருவி அதிகம் கூட்டிச் சேர்ப்பதில்லை என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். உங்கள் டயலிசிஸ் பிரிவில் இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்காகவே கொழும்புக்குப் பயணம் போவது அவசியமில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர், கால் எடுத்தவர் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாத ஒன்று கடைகளில் விற்கிற 'ஸ்மார்ட்' தராசு. வெறுங்காலோடு ஏறினால் உடம்பில் நீர் இத்தனை சதவீதம் என்று கைபேசியில் காட்டும். அது காலிலிருந்து காலுக்கு ஓடும் மின்னோட்டத்தை வைத்து ஆரோக்கியமான ஆட்களின் சூத்திரத்தில் போடுகிற மதிப்பீடு. சிறுநீரக வருத்தக்காரருக்கு அந்தச் சதவீதம் பயனற்றது. அதன் எடையை மட்டும் எடுங்கள்.

நுரையீரல் ஸ்கேன் எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிற முறை. நெஞ்சின் மேல் கருவியை வைத்தால், நீர் ஊறிய நுரையீரலில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் இறங்கும். ஒரே இடத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் தெரிந்தால் அங்கே ஈரம் இருக்கிறது. கதிர்வீச்சு இல்லை, கட்டிலடியிலேயே சில நிமிடத்தில் முடியும், கால் வீங்காத ஆளிலும் மூச்சு வாங்காத ஆளிலும் நீரைக் காட்டிக்கொடுக்கும். டயலிசிஸ் செய்யும், இதய ஆபத்துள்ள 360 பேருக்கு மேல் சேர்த்து ஐரோப்பாவில் நடத்தி 2021 இல் வெளியான ஆய்வில், ஸ்கேன் பார்த்துச் சிகிச்சை செய்தவர்களுக்கு நுரையீரல் நீர் குறைந்தது. ஆனால் மரணம், மாரடைப்பு, இதய பலவீனம் ஆகிய மொத்தக் கணக்கில் உறுதியான வித்தியாசம் வரவில்லை. ஆகவே நலமாக இருப்பவருக்கு மாதாமாதம் எடுக்கத் தேவையில்லை. மூச்சு வாங்கும் ஆளுக்கு அது நீரா, சளியா, இழுப்பா என்று பிரிக்க இதைப்போல வேறில்லை. நியூமோனியாவிலும் நுரையீரல் தழும்பிலும் அதே கோடுகள் வரும் என்பதால் பழகிய கண் வேண்டும். சாதாரண எக்ஸ்ரே எங்கும் கிடைக்கும், அரச ஆஸ்பத்திரியில் காசும் இல்லை. ஆனால் தீவிர இதய பலவீனத்தோடு வருபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எக்ஸ்ரேயில் நீர் தெரியாது. எக்கோ இதயத்தைப் பற்றிச் சொல்லும். என்.டி-புரோ பி.என்.பி ஏன் உயர்ந்தது என்று கேட்கிற இடத்தில் அது ஒருதரமாவது தேவை.

இனித் தராசு. விலை ஒரு தடவைதான். சீமெந்துத் தரையில் வையுங்கள், பாய்க்கு மேலே வைத்தால் பிழை காட்டும். விடிய எழும்பி, சலம் போய்விட்டு, தேத்தண்ணி குடிக்க முன், ஒரே மாதிரி உடுப்போடு ஏற வேண்டும். பக்கத்தில் ஒரு கொப்பி. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். எண்ணோடு ஒரு சொல்லும் எழுதினால் பெரிய உதவி: 'நேற்று கலியாண வீடு', 'கருவாட்டுக் குழம்பு', 'கச்சான் காற்று, ஒரே வியர்வை', 'முழங்கால் நோவுக்கு டைக்ளோஃபெனக்'. கடைசியாகச் சொன்ன குளிசை உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் பழுதாக்கும். சீட்டில்லாமல் வாங்கிப் போடுகிற ஆட்கள் இங்கே நிறைய.

உப்புக் கணக்கையும் ஒருக்கால் போட்டுப் பாருங்கள். இரத்தத்தில் இருக்கிற உப்புச் செறிவை வைத்துப் பார்த்தால், எட்டு கிராம் உப்பு, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி அளவு, வெளியேறாமல் நின்றால் ஒரு லீற்றர் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கருவாடு, மாசிச் சம்பல், அப்பளம், ஊறுகாய் நாலும் ஒரே நாளில் மேசைக்கு வந்தால் அது கொப்பியில் தெரியும். நோன்பு துறக்கும் கஞ்சியிலும் உப்பைக் கவனிக்க வேண்டும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்க வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரக வருத்தக்காரருக்கு அது இதயத்தையே நிறுத்தக்கூடும்.

ஆளுக்கு ஆள் தெரிவு எப்படி மாறும்? சீனி வருத்தத்தால் சிறுநீரகம் பழுதாகி, பிரஷரும் இதயப் பிரச்சினையும் உள்ளவர்தான் இந்தப் பட்டியலால் அதிகம் பயனடைவார். அவருக்குத் தராசு, ஓர் எக்கோ, நலமாக இருக்கும்போது ஒரு என்.டி-புரோ பி.என்.பி, பிறகு மருந்து மாறும்போது அல்லது சந்தேகம் வரும்போது மறுபடியும். வயிறு ஊதி, நெஞ்சில் நீர் என்று அடிக்கடி வார்டில் நிற்பவருக்கு சி.ஏ 125 ஐயும் சேர்க்கலாம்.

டயலிசிஸ் செய்பவருக்கு இரத்தத்தை எப்போதும் டயலிசிஸ் தொடங்க முன், கிழமையின் அதே நாளில் எடுக்க வேண்டும். சில வகை வடிகட்டிகள் என்.டி-புரோ பி.என்.பியையே கழுவி எடுத்துவிடும். முடிந்த பிறகு எடுத்த எண் நீர் குறைந்ததால் குறைந்ததா, வடிகட்டியால் குறைந்ததா என்று தெரியாது. இவருக்கு உண்மையான பரிசோதனை உலர் எடையை மெல்ல மெல்லக் குறைத்துப் பார்ப்பதுதான். 2009 இல் வெளியான, 150 பேர் அடங்கிய அமெரிக்க ஆய்வில், மருந்தைக் கூட்டாமல் உலர் எடையை மட்டும் குறைத்தே எட்டுக் கிழமையில் மேல் பிரஷர் 6.6 புள்ளி கூடுதலாக இறங்கியது. அவசரப்படக் கூடாது. ஒரு மணித்தியாலத்துக்குக் கிலோவுக்கு 13 மில்லிலீற்றருக்கு மேல் நீர் இழுத்தால் ஆபத்து கூடும் என்பார்கள். 50 கிலோ ஆளுக்கு நாலு மணித்தியாலத்தில் அது 2.6 லீற்றர். அதற்கு மேல் நீரோடு வந்தால் இயந்திரத்தின் பிழையல்ல. இரண்டு டயலிசிஸுக்கும் இடையில் உள்ள உப்பையும் தண்ணீரையும் பற்றித்தான் வீட்டில் பேச வேண்டும்.

கோமரங்கடவல, பதவிசிறிபுரப் பக்கத்து விவசாயிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் தீராத சிறுநீரக நோய் அந்த எல்லையோரங்களிலும் இருக்கிறது. அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்குகிற நோய். சிறுநீரில் புரதம் அதிகம் போகாது, நெடுநாளைக்குப் பிரஷர் ஏறாது, கால் வீங்காது, சிலருக்கு உப்பைப் பிடித்து வைக்கவே சிறுநீரகத்தால் முடியாது. வெயிலில் வயலில் நிற்கிற அவருக்கு நீர் மிகையைவிட நீர் வறட்சிதான் பெரிய ஆபத்து. கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்பதற்காக அவருக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்வதும், பக்கத்து வீட்டுக்காரரின் லேசிக்ஸை வாங்கிப் போடுவதும் கொடுமை. அவருக்கு இந்த இரத்தப் பரிசோதனைகள் ஆரம்பத்தில் தேவையே இல்லை. எடையும் பிரஷரும் போதும், இருந்து பார்த்த பிரஷரோடு எழும்பி நின்று பார்த்த பிரஷரையும் சேர்த்து.

சிறுநீரில் அதிகம் புரதம் போய், முகமும் இமையும் ஊதிப்போகிற ஆள் இன்னொரு வகை. அவருக்கு நீர் தோலுக்கடியில் நிற்கும், இரத்தக் குழாய்க்குள் அவ்வளவு இல்லாமலும் இருக்கலாம். என்.டி-புரோ பி.என்.பி எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் வீக்கம் பொய் என்று எடுக்கக் கூடாது. இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தையும் சிறுநீர்ப் புரதத்தையும் பார்த்துத்தான் அவருக்கு முடிவெடுப்பார்கள்.

ஒரு நேரத்தில் மேலே சொன்ன எந்தப் பரிசோதனையும் வேண்டாம். தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணையை அடுக்குகிறார், நடுச்சாமத்தில் மூச்சுமுட்டி எழும்பி உட்காருகிறார், நுரைபோலச் சளி வருகிறது, இரண்டு வசனம் தொடர்ந்து பேச முடியவில்லை என்றால் விடிந்ததும் ஆய்வுகூடம் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990 க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வரும்வரை ஆளை நிமிர்த்தி, காலைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுக்க வேண்டாம். போகும்போது கிளினிக் கொப்பி, எடை எழுதிய கொப்பி, போடுகிற குளிசைகள், பழைய என்.டி-புரோ பி.என்.பி ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.